மாக்டெல்டின் பங்கு

அக்டோபர் மூன்றாம் தேதி காலை, நகரத்தார் வருடாவருடம் இலவசப் பங்கு கொடுக்கும் பழைய எடை மண்டபத்தில் வெஸல் தன் அட்டையை நீட்டி மீனும் ரொட்டியும் வாங்கிக்கொண்டார். வீட்டில் இரண்டு பேர் என்று அட்டையில் எழுதியிருந்தது. மனைவி மாக்டெல்ட் இறந்து ஏழு வாரம் ஆகிறது. முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. நானூற்றைம்பது வருடத்துக்கு முன்பு இதே தேதியில் ஸ்பானியர் முற்றுகை உடைந்தபோது, பட்டினி கிடந்த இந்த லைடன் நகரத்துக்குப் படகில் வந்ததும் இதே ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும்தான்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை யோரின் போன் செய்தாள். இரண்டு பங்கு வாங்கியதைக் கேட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"செத்தவங்க பேர்ல வாங்கலாமாண்ணா? படகு வர்றதுக்கு முன்னாடியே பசியில போனவங்க அந்த மாதிரிப் பங்குக்குத்தான் காத்துட்டிருப்பாங்கன்னு அம்மா சொல்வாங்கல்ல?"

"வாங்கியாச்சு."

"வாய்க்கால்ல போட்டுடு. பன்னிரண்டு மணிக்குக் கார்ல வரேன், என்னோட கிளம்பிடு. எலும்பும் தோலுமா ஆயிட்ட. அந்த வீட்லயே கிடந்தா நீயும் போய்ச் சேர்ந்துடுவ."

வெஸல் சரி என்றார். போவதும் இருப்பதும் அவருக்கு ஒன்றுதான். எதிரும் புதிருமாக இரண்டு தட்டு வைத்து, இரண்டிலும் மீனும் ரொட்டியும் போட்டுவிட்டு, தண்ணீர் பிடிக்கத் திரும்பினார்.

முதுகுக்குப் பின்னால் சேற்று வாடை அடித்தது.

யாரோ மெல்லும் சத்தம். முள்ளோடு சேர்த்து.

திரும்பியபோது எதிர்த் தட்டு காலியாக இருந்தது.

"மாக்டெல்ட்?"

கேட்டபிறகுதான் உறைத்தது. மாக்டெல்டுக்கு ஹெரிங் வாசனையே ஆகாது. வருடாவருடம் தன் மீனை இவர் தட்டில் தள்ளிவிடுவாள்.

இது அவள் இல்லை.

ஓடவேண்டும் என்று வெஸலுக்குத் தெரிந்தது. கால் ஓட விரும்பவில்லை. தன் தட்டையும் எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மெல்லும் சத்தம் தொடர்ந்தது. பிறகு காதருகே ஒரு பெண் குரல், மூச்சே இல்லாமல் கேட்டது.

"பிள்ளைங்களுக்கு?"

போன் அடித்தது. யோரின்.

"அண்ணா, பாலத்துக்கிட்ட நிக்கிறேன். உன் வாசல்லேருந்து இங்க வரைக்கும் பிள்ளைகுட்டியோட வரிசையா நிக்கிறாங்களே, யாரு இவங்க? ஒருத்தரும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு. பின்பக்கமா வந்துடு."

ஏழு வாரத்தில் முதல்முறையாக இந்த வீட்டில் ஒருவர் அவரிடம் ஏதோ கேட்டிருக்கிறார். அவர் நெஞ்சு லேசாக வலித்தது. வலித்தது அவருக்குப் பிடித்திருந்தது.

"நான் வரலை, யோரின்," என்றார். "நீ போய் ரொட்டி வாங்கிட்டு வா. கடையில இருக்கிறது எல்லாம்."