ஓட்டெடுப்புக்கு முதல் நாள்

திங்கட்கிழமை காலை, பள்ளிப் பேருந்துகள் வருவதற்கு முன்பே மூன்றாம் எண் டிரெய்லர் வகுப்பைத் திறந்த துப்புரவுப் பணியாளர் வெர்னன், ஆசிரியை ஜோனி லின்ட்ஸ் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்குகிறார் என்றுதான் நினைத்தார். தோளைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

டிடெக்டிவ் டோரீன் நோவாக் வந்தபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் வெளிச்சுவரில் முடியும் இடத்தில் விரல் நுழையாதபடி வைக்கோல் அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத நச்சுவாயு, ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் திருத்த வந்தவளைக் கொன்றிருந்தது.

தலைமை ஆசிரியர் கர்ட்டிஸ் ஹாலம் கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை இவங்க எதுக்கு வந்தாங்க?" வாசலிலேயே நின்றுவிட்டார். "கத்தவே இல்லையா?"

"தூக்கம் மாதிரிதான் வந்திருக்கும், கர்ட்டிஸ். கத்தணும்னே தோணியிருக்காது."

அவர் படியில் உட்கார்ந்து அழுதார்.

"குருவிக்கூடா இருக்குமோ?" என்றார் வெர்னன்.

"குருவி இவ்வளவு கெட்டியா அடைக்காது."

ஊர் முழுக்க ஒரே பெயரைத்தான் சொன்னது: எம்மெட் ஸ்டாஃபர். பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த ஒரே பண்ணை அவருடையது. சுற்றியிருந்த சோயா வயல்களெல்லாம் மேப்பிள் ரிட்ஜ் என்ற புதுக் குடியிருப்பாகிவிட்டன. வந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை. மைதானத்தில் சக்கரம் வைத்த தகர அறைகளான டிரெய்லர்களை நிறுத்தி வகுப்பு நடத்தினார்கள். சொத்து வரியை உயர்த்திப் புதுக் கட்டடம் கட்டலாமா என்று மறுநாள் ஓட்டெடுப்பு. 'அந்த டிரெய்லரெல்லாம் எரிஞ்சு போகட்டும்' என்று எம்மெட் ஊர்க் கூட்டத்தில் கத்தியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

டோரீன் போனபோது அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைப் பிடிச்சுட்டுப் போகத்தானே வந்தே?"

"வைக்கோல் உங்களுது மாதிரி இருக்கு, எம்மெட்."

"என்னுதாத்தான் இருக்கும். வேலியோரமா கிடக்கு, கையை நீட்டினா யாருக்கும் கிடைக்கும்." வாளியைக் கீழே வைத்தார். "வீடு கட்டின கம்பெனிக்குப் பத்து வருஷம் வரிச் சலுகை. அவன் வித்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் கட்ட நான் என் நிலத்தை வித்து வரி கட்டணும். வயிறு எரியுது, இல்லைங்கலை. ஆனா இதுல எனக்கென்ன லாபம்? நாளைக்குப் பரிதாபப்பட்டு ஊரே வரிக்கு ஓட்டுப் போடும்."

அந்தக் கடைசி வார்த்தை டோரீனை மறுபடி டிரெய்லருக்கு இழுத்து வந்தது.

ஆசிரியை மேசைக்கருகில் ஒரே ஒரு பிளக். அதில் தேநீர்க் கெட்டில் செருகியிருந்தது. மேசைக்கடியில் ஒரு வெள்ளைப் பெட்டி கிடந்தது. பிளக்கில் செருகும் நச்சுவாயு அலாரம். தூசு ஒட்டாத புதுசு.

"இது எப்ப மாட்டினது, வெர்னன்?"

"இங்க எந்த டிரெய்லர்லயும் அலாரமே கிடையாதே. ஹாலம் சார் கேட்டுக் கேட்டுப் பார்த்தார், ஸ்கூல் போர்டுல காசில்லைன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை நான் பெருக்கும்போது இது இல்ல."

"ஹீட்டர்?"

"வெள்ளிக்கிழமை நல்லாத்தான் ஓடிச்சு. லீவு நாள்ல குறைச்சு வெச்சுடுவோம், திங்கக்கிழமைதான் கூட்டுவோம்."

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்ட, டீச்சர்கிட்ட, சார்கிட்ட."

டோரீன் தலைமை ஆசிரியரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"காலைல 'கத்தவே இல்லையா'ன்னு கேட்டீங்க, கர்ட்டிஸ். ஜோனியைச் சொல்றீங்கன்னு நினைச்சேன். நீங்க கேட்டது அலாரத்தை."

அவர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.

"டிரெய்லர்ல அலாரம் கிடையாதுன்னு உங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? கொல்ல வந்தவன் காசு கொடுத்து அலாரம் வாங்கி மாட்ட மாட்டான். அது அடிக்கணும்னு நினைச்சவன்தான் மாட்டுவான். இன்னைக்கு ஹீட்டரைக் கூட்டினதும் அலாரம் அலறும். பிள்ளைங்க வெளியே ஓடி வருவாங்க. டிவிக்காரங்க வருவாங்க. குருவிக்கூடு அடைச்சிருக்கும்பீங்க. நாளைக்கு ஓட்டு."

"முதல் ஆளா நான்தான் உள்ள போயிருப்பேன். ஒரு பிள்ளைக்குத் தலைவலிகூட வந்திருக்காது."

"ஜோனி நேத்தே வந்துட்டா. குளிருக்கு ஹீட்டரைக் கூட்டினா. டீ போட பிளக் வேணும். இருந்தது ஒண்ணுதான். என்னமோ ஒரு பெட்டின்னு கழட்டிக் கீழே வெச்சுட்டா."

அவர் மெல்லச் சொன்னார்:

"புதன்கிழமை வரைக்கும் பொறுக்க முடியுமா, டோரீன்? நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன். இப்ப வெளியே தெரிஞ்சா ஒருத்தரும் ஓட்டுப் போட மாட்டாங்க. இத்தனை பிள்ளைங்க... உங்க பொண்ணும் முதல் டிரெய்லர்லதானே இருக்கா?"

டோரீன் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பேருந்துகள், பிள்ளைகளைத் திரும்ப வீட்டில் விட்டுவிட்டு வந்து, காலியாக வரிசையில் நின்றன.

"எழுந்திருங்க, கர்ட்டிஸ்."

செவ்வாய்க்கிழமை புதுக் கட்டடத் தீர்மானம் படுதோல்வி அடைந்தது. அடுத்த திங்களன்று மூன்றாம் எண் டிரெய்லருக்குத் தற்காலிக ஆசிரியை ஒருத்தி வந்தாள். அன்றே மேப்பிள் ரிட்ஜின் இரண்டாம் பகுதிக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார்கள்.