விழுந்து காட்டியவன்

"என்னோடு வாள் வீசி விழுகிறவர்கள் எல்லாரும் ஏன் தாயே சிரித்துக்கொண்டே எழுந்துவிடுகிறார்கள்?" என்று குழந்தையாய் இருந்தபோது இளவரசன் மகிபாலன் ஒருமுறை கேட்டான். அவனுக்குப் பாலூட்டி வளர்த்த செவிலித்தாய் பெருந்தேவி, "தங்கள் வீரத்தைக் கண்ட மகிழ்ச்சிதான், கண்ணே" என்று சொல்லி உச்சி முகர்ந்தாள். அன்பினால் சொன்ன பொய் அது.

அன்பார்ந்த வாசகர்களே, பெண்ணையாற்றங்கரையில் இருந்த அந்த வேங்கைக்குன்றக் கோட்டையில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. இளவரசனுக்கு இரும்பால் கண்டம் உண்டென்று சோதிடர் சொல்லக் கேட்ட அரசி, கணவனை இழந்தவள், மகனைக் கோட்டை வாயிலுக்கு வெளியே விட்டதே இல்லை. வாட்பயிற்சியில் அவனை எதிர்த்து நிற்பவன் சற்று நேரம் வாளை வீசிவிட்டு விழுந்துவிட வேண்டும் என்பது அவள் ஆணை. எல்லாரிலும் அதிகம் விழுந்தவன் பெருந்தேவி பெற்ற மகன் தத்தன். ஒன்றாய்ப் பால் குடித்து வளர்ந்த உரிமையில் அவன் மண்ணில் புரண்டு காட்டுவான்; இளவரசன் கைகொட்டிச் சிரிப்பான்.

மகிபாலன் வாலிபனானதும் கொங்கு நாட்டுச் சிற்றரசர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு சம்பந்தம் பேச வந்தார். விருந்தினர் மகிழ வாட்போர் நடந்தது. கொங்கரின் மெய்க்காவலன் சாத்தனுக்குக் கோட்டையின் வழக்கத்தைச் சொல்லி வைக்க எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவன் விழவில்லை, இளவரசன் விழுந்தான். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வளையல் ஒலியோடு இளம்பெண்ணின் சிரிப்பொலி கேட்டது.

அன்று அந்தி மயங்கும் வேளையில் பெண்ணையின் நீர்ப்பரப்பில் நிலவு வெள்ளியை உருக்கி ஊற்றத் தொடங்கியிருந்தது. உப்பரிகையில் விளக்கேற்றிக்கொண்டிருந்த பெருந்தேவி, கீழே படித்துறையில் தன் இரு பிள்ளைகளும் பேசுவதைக் கேட்டாள்.

"நீயும் விழுந்துதான் காட்டினாயா, தத்தா?"

"அரசியாரின் ஆணை, இளவரசே. ஆனாலும் தாங்கள் சிரிப்பதைக் காண எனக்கும் ஆசைதான்."

மகிபாலன் வாளை உருவினான். தத்தன் தன் வாளைத் தொடவே இல்லை. அவள் அலறியபடி படியிறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. படிக்கட்டுப் பலகணி வழியே அவள் கண்டது ஒன்றுதான்: கொன்றவன் நடந்து போய்விட்டான், குதிரைக்குத் தண்ணீர் காட்ட வந்த சாத்தன் ஓடிவந்து, முன்பின் அறியாத தத்தனின் தலையை மடியில் ஏந்தி, கைகளில் அள்ளிய ஆற்றுநீரை அவன் வாயில் மெல்ல விட்டுக்கொண்டிருந்தான். அவள் படித்துறையை அடைந்தபோது மகனின் உதடுகள் ஈரமாக இருந்தன. உயிர் இல்லை. குருதி தோய்ந்த கைகளோடிருந்த சாத்தனைக் காவலர்கள் இழுத்துப் போய்விட்டிருந்தார்கள்.

கொங்கு நாட்டு ஒற்றன் செய்த கொலை என்று அரசி தீர்ப்பளித்தாள். மறுநாள் சூரியன் மறைந்ததும் கழுவேற்றம். கொங்கரைக் கோட்டையை விட்டே விரட்டினாள். உண்மையைச் சொல்லப் போன பெருந்தேவியின் கைகளைப் பற்றிக்கொண்டு, "உன் பிள்ளை போய்விட்டான். என் பிள்ளையையும் கொண்டுபோகப் பார்க்கிறாயா?" என்று கேட்டாள். அரசி அழவுமில்லை, கைகளை விடவுமில்லை.

விடிந்ததும் மகிபாலன் ஒரு குதிரைப் பாகனின் விரல்களை வெட்டினான். சேணம் தளர்ந்திருந்ததாம். பெருந்தேவி இளவரசனின் காலடியில் அமர்ந்து, ஏனப்பா என்று கேட்டாள்.

"இனி யாரும் எனக்காக விழ வேண்டாம், தாயே. நானே வீழ்த்திக்கொள்கிறேன்" என்றான். குழந்தையின் முகம் அப்படியே இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இவனை மீட்க எந்தத் தெய்வத்தை வேண்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மாலைப் பூசையின் மணி ஒலித்ததும் சிறைக்காவலனும் தீபம் காண ஓடினான். பெருந்தேவி மட்டும் கோயிலுக்குப் போகவில்லை. சாத்தனை அடைத்திருந்த நிலவறைக் கதவின் வெளித்தாழ்ப்பாளை இரு கைகளாலும் விலக்கினாள்.

"அம்மணி, நான் அவனைக் கொல்லவில்லை" என்றான் சாத்தன்.

"தெரியும். வாசலருகே நீர் ஓடும் அந்த மதகுக்குள் தலை குனிந்து போ. வெளியே ஆறு."

"தாங்கள் யார்? எனக்காக ஏன்..."

"நேரமாகிறது, ஐயா."

அவன் கைகூப்பிவிட்டு நீரில் இறங்கினான். நீந்தும் ஓசை தேய்ந்து அடங்கும்வரை அவள் நின்றாள். பிறகு தாழ்ப்பாளைப் பழையபடி இட்டாள். கோயிலில் தீபாராதனை இன்னும் முடியவில்லை; அவளை யாரும் தேடவுமில்லை.