பாய் இறக்காத படகு

காற்று நின்று கால் மணி நேரமாகியும் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தன. அண்ணனோடு படகில் வந்திருந்த நர்ஸ் தங்கை, தன் காதுக்குள்தான் இரைகிறதென்று முதலில் நினைத்தாள். பிறகு கையைப் பார்த்தாள். முழங்கை வரை ரோமம் குத்திட்டு நின்றது.

"அண்ணா, ஏதோ சரியில்ல."

தச்சுவேலை செய்யும் அண்ணன் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டித் தானே கட்டிய படகு அது. ஏரியின் மேற்கே திரண்டிருந்த கருமேகத்தை ஒரு முறை பார்த்தவன், மறுபேச்சில்லாமல் பாயை இறக்கிச் சுருட்டிக் கட்டினான். நங்கூரம் போட்டான். தன் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அவளுடையதன் வாரை மூச்சு முட்ட இழுத்துக் கட்டினான்.

"நடுவுல குனிஞ்சு உக்காரு பாப்பா. பாய்மரத்தத் தொடாத, கம்பியத் தொடாத, தண்ணியில கைய விடாத."

"அண்ணி சொன்னப்பவே வீட்டுல இருந்திருக்கலாம்."

"அவ எப்பவும் சரியாத்தான் சொல்லுவா. அதான் கடுப்பே."

சொல்லி முடிப்பதற்குள் காற்று சீற, மழை கொட்டியது. மாலை நாலு மணிதான். ஆனாலும் கரை மறைந்து, வானமும் தண்ணீரும் ஒரே கறுப்பாகிவிட, வார்னிஷ் நெடியும், ஒவ்வொரு மின்னலுக்குப் பின்னும் கருகிய இரும்பின் வாடையும் மூக்கில் ஏற, படகின் அடிப்பலகை தன் முழங்காலுக்குக் கீழே உயர்ந்து உயர்ந்து விழுவதை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள்.

மின்னல். தூரத்தில் இன்னொரு படகு தெரிந்தது. பாய் முழுதாக விரிந்திருந்தது.

"பைத்தியமா இவங்களுக்கு! பாய இறக்குங்க!" அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான்.

அதில் நாலு பேர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த மின்னலில் படகு பாதித் தூரம் வந்துவிட்டிருந்தது, காற்றை எதிர்த்து. பாயில் ஒரு படபடப்பில்லை.

"அண்ணா, அந்தப் பாய் நனையவே இல்ல. பாரு."

"மனுஷங்க இருக்காங்க. அப்படியே விட்டுட முடியுமா?"

கயிற்றின் ஒரு முனையைப் படகின் முன்பக்கம் கட்டிவிட்டு, மறுமுனையை வீசினான். நால்வரில் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே அதைப் பிடித்தார்.

இருட்டு.

படகு சட்டென்று ஒரு பக்கம் லேசானது. தண்ணீரில் எதுவும் விழுந்த சத்தமில்லை.

"அண்ணா?"

மின்னல்.

இங்கே அவள் மட்டும்.

அங்கே ஐந்து பேர். கடைசி ஆள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டிருந்தான். தலை தொங்கியிருந்தது. முடி காய்ந்திருந்தது.

"அண்ணா! இங்க பாரு! அண்ணா!"

அசையவில்லை.

கயிறு விறைத்தது. அடியில் நங்கூரம் சேற்றைக் கீறிக்கொண்டு இழுபட்டது. தவழ்ந்துபோய் முடிச்சைப் பிடித்தாள். கொட்டும் மழையில், கயிறு காய்ந்து கிடந்தது. வெதுவெதுப்பாக. நகம் பெயர்ந்தது. முடிச்சு நெகிழவில்லை.

இருட்டு. மழை நின்றது. அவள் மேல் மட்டும்.

மின்னல்.

இரண்டு படகும் உரசி நின்றன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேருந்தில் ஆள் ஏறினால் நகர்வதுபோல் ஐந்து பேரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அண்ணனுக்குப் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம்.