முதல் குடி

ஈரத்துணியை வாளியில் முக்கிப் பிழிந்து ஹாலின் உள்மூலையிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தவள், வாசலை எட்டியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். துடைத்த தடமே இல்லை. வெளியே காலையிலிருந்து விடாத தூறல், ஜன்னல் கம்பிகளில் நீர் முத்துக் கோத்து நின்றது, மின்விசிறிகூடப் போடவில்லை. தரை மட்டும் வெயிலில் கிடந்த பலகைபோல் காய்ந்து கிடந்தது.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவளுக்கு மழைக்காலம் வந்தாலே சீருடை காயவில்லையே என்ற கவலை. இங்கே இரவு கொடியில் போட்டால் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் காய்ந்து விறைத்துவிடுகிறது. அவள் கணவன் தையல்காரன். ஹாலிலேயே மெஷினைப் போட்டு நாளெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருப்பவன்.

"ஊர்ல இருக்கறவன்லாம் ஈரத்துணியைக் கட்டிட்டு அலையறான். நமக்கு வீடே இஸ்திரிப் பெட்டி. உங்கண்ணனுக்குக் கோயில் கட்டலாம் சிஸ்டர்" என்றான்.

பெண்டாட்டியை யாராவது சிஸ்டர் என்று கூப்பிடுவார்களா என்று அவள் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். ஊருக்கே சிஸ்டர் என்றால் தனக்கும் சிஸ்டர்தான் என்பான்.

அண்ணன்தான் இந்தக் குடியிருப்பைக் கட்டும் மேஸ்திரி. பெற்றவர்கள் போன பிறகு செங்கல் சுமந்து அவளைப் படிக்கவைத்தவன். பள்ளிக்கூடமோ, வேலையோ, மாப்பிள்ளையோ, அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டியே வளர்ந்தவள். தெருவுக்கு விளக்கு வரவில்லை, பக்கத்து வீடுகளுக்குக் கூரைகூட ஏறவில்லை, அதற்குள் குடி போவதா என்று கணவன் இழுத்தபோதும் அண்ணன் பேச்சுதான் எடுபட்டது. "நீங்கதான் பாப்பா முதல் குடி. உங்க வீட்ல லைட் எரியறதைப் பாத்தாதான் மத்தவங்க தைரியமா வருவாங்க" என்றான். சேர்த்து வைத்ததை எல்லாம் இந்தச் சுவர்களுக்குள் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள்.

வேலை முடிந்து அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். தெருவின் இரண்டு பக்கமும் கதவில்லாத வாசல்கள், கண்ணாடி போடாத ஜன்னல் ஓட்டைகள், மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் துருக்கம்பிகள். நனைந்த மணலின் வாடையும் பச்சை சிமெண்டின் நெடியும் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். காற்று ஒரு வீட்டுக்குள் நுழைந்து அடுத்த வீட்டு வழியாக வெளியே வரும்போது யாரோ பெருமூச்சு விட்டதுபோல் கேட்கும். மழையில் ஊறி எல்லாச் சுவர்களும் கறுத்திருக்க, தன் வீட்டின் வெளிச்சுவர் மட்டும் எப்போதும் வெளுத்துத் தெரிவதை அவள் சில நாள் கழித்துத்தான் கவனித்தாள்.

சத்தத்தைக் கேட்டது ஒரு மாலையில். கணவன் குளிக்கப் போயிருந்தான். மெஷின் ஓயாமல் ஓடும் வீட்டில் அபூர்வமாக ஒரு அமைதி. சுவரோரம் ஸ்டூலின்மேல் அவன் பாதி குடித்துவிட்டு வைத்திருந்த தண்ணீர் டம்ளர். இளநீரின் அடி வறண்டபின் ஸ்ட்ராவில் இழுத்தால் வருமே, அந்த மாதிரி ஒரு உறிஞ்சல், மெதுவாக, நிதானமாக, சுவருக்குள்ளிருந்து. மூச்சு வாங்குவதற்காக ஒரு இடைவெளி. மறுபடி உறிஞ்சல். அவள் டம்ளரை எடுத்துப் பார்த்தாள். உள்ளே துளி இல்லை. ஓரத்தில் ஈரம்கூட இல்லை.

மறுநாள் அண்ணன் வந்தான். எப்போதும்போல் கேட்டுக்கு வெளியிலேயே, வேனில் சாய்ந்துகொண்டு டீ வாங்கிக் குடித்தான். காலெல்லாம் சிமெண்ட், உள்ளே வந்தால் தரை பாழாகிவிடும் என்பது அவன் வழக்கமான சாக்கு. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். சிமெண்ட் இறுகுகிறவரைக்கும் சுவர் தண்ணீர் இழுக்கத்தான் செய்யும், தாராளமாகக் கொடு, தானாக அடங்கிவிடும் என்று விளக்கினான். ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் இருந்தும் பிள்ளைப் புத்தி போகவில்லையே என்று கேலி செய்தான். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கணவன் இளைத்துக்கொண்டே வந்தது அதற்குப் பிறகுதான் அவள் கண்ணில் பட்டது. பக்கத்திலேயே இருக்கிற முகம் மாறுவது கடைசியில்தான் தெரியும். ஒரு நாள் ஊசியில் நூல் கோக்கப் போனவன், வழக்கம்போல் நூல் முனையை நாக்கில் வைத்தான். வெளியே எடுத்தான். நூல் சிலிர்த்துக்கொண்டு நின்றது. மறுபடி வைத்தான். மறுபடியும் அப்படியே.

"எச்சிலே ஊற மாட்டேங்குது சிஸ்டர்" என்று சிரித்தான். உதடு நடுவில் வெடித்தது. ரத்தம் வரவில்லை.

அவள் அவனது புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டாள். பேதியில் வற்றிப்போய் வரும் நோயாளிகளுக்குச் செய்து பார்ப்பது. நல்ல உடம்பென்றால் தோல் பட்டென்று கீழே படிந்துவிடும். அவன் தோல் மடிந்தபடியே நின்றது, துணியில் எடுத்த மடிப்புபோல. குடம் குடமாகத்தான் குடித்துக்கொண்டிருந்தான். சொம்பு கையைவிட்டு இறங்குவதே இல்லை. இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?

அப்போதுதான் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். குடிவந்த அன்று அங்கே மேலிருந்து கீழாக ஒரு விரிசல் இருந்தது; உள்ளே நாணயம் போகும். அது மூடியிருந்தது. யாரும் பூசவில்லை. புண் ஆறுவதுபோல் தானாகக் கூடி, வழுவழுவென்று, லேசாக மின்னிக்கொண்டு.

காலையில் ஆஸ்பத்திரிக்கு வா என்று மன்றாடினாள். கல்யாணத் துணி பாக்கி இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்றான். அவள் மட்டும் போனாள். சாயங்காலம் டாக்டரிடம் சொல்லிக் கேட்டு ட்ரிப்ஸ் ஏற்றுவதற்கு வேண்டிய ஊசி, டியூப், சலைன் பைகள் எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்தாள். வேனை எடுத்துக்கொண்டு உடனே வா, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இனி அந்த வீட்டில் இருக்கப் போவதில்லை என்றாள். வருகிறேன் என்றான்.

தெருவில் கால் வைத்தபோதே தெரிந்துவிட்டது. மெஷின் சத்தம் இல்லை.

வேன் முன்னாலேயே வந்து நின்றிருந்தது. அண்ணன் அதே இடத்தில் சாய்ந்திருந்தான். தூறலில் நனைந்துகொண்டு.

"உள்ள போய்ப் பாத்தியா?"

தலையை மட்டும் ஆட்டினான். இல்லை.

"வா, ஒரு கை பிடி. தூக்கி வேன்ல போட்டுடலாம்."

அவன் அசையவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. "இங்க எந்தச் சுவரும் நிக்கல பாப்பா" என்றான். "சாயங்காலம் பூசினா காலையில உதிர்ந்து தூளாக் கெடக்கும். எவ்வளவு தண்ணி காட்டினாலும் பத்தல. என்ன மண்ணோ, தெரியல. ஒரு நாள் பூச்சுக்காரன் ஒருத்தன் இந்த ஹால்லயே படுத்துட்டான். விடிஞ்சா, சுவர் கல்லு மாதிரி நிக்குது. கொஞ்ச நாள்தான். அப்புறம் மறுபடி விரிசல் விட்டுச்சு."

"அந்த ஆளு?"

அண்ணன் வேன் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

முதல் குடி. குடித்தனம் என்றுதான் அவள் இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள்தான் முதல் குடி என்று வார்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள். அண்ணன் அதில் பொய் சொல்லவில்லை. பூச்சுக்காரன் வெறும் நாக்கு நனைப்பு; வீட்டுக்கு முதல் மடக்கு அவர்கள்தான்.

"எங்களை ஏண்ணே?" என்றாள். "உலகத்துல வேற ஆளே கெடைக்கலியா?"

"வெளியாளுன்னா கேள்வி கேப்பான்" என்றான் அண்ணன். "நீ கேக்க மாட்டே."

அவள் திரும்பி வாசலை நோக்கி ஓடினாள். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது அவள் எட்டு வைத்தால் போதும், பின்னாலிருந்து அண்ணனின் கை வந்து தோளைப் பிடித்துவிடும். அந்தக் கைக்காக அவள் உடம்பு இப்போதும் காத்தது. வரவில்லை. கேட்டின் கொண்டி விழும் சத்தம்தான் வந்தது.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணவன் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பின்னால் சாய்ந்து, தலை சுவரில். கண் திறந்திருந்தது. கண்ணில் பளபளப்பு இல்லை. தூசி படிந்த பொத்தான்போல் இருந்தது. ஆனால் அவளைக் கண்டதும் அசைந்தது.

"சிஸ்டர்" என்றான். காகிதம் உரசியதுபோல்.

அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். எடையே இல்லை. தைத்து மடித்த துணியைத் தூக்குவதுபோல் முன்பக்கம் எழுந்து வந்தது. முதுகு வரவில்லை. சட்டையும் தோலும் சுவரும் எங்கே முடிகின்றன, எங்கே தொடங்குகின்றன என்று தெரியவில்லை. அந்த இடத்தில் சுவர் இளஞ்சூடாக இருந்தது.

உறிஞ்சல். இடைவெளி. உறிஞ்சல்.

கொடுத்தால் விட்டுவிடும். வயிறு நிறைந்தால் விட்டுவிடும். பையைக் கொட்டினாள். அவன் அளவு டேப் தொங்கிய ஆணியில் சலைன் பையை மாட்டினாள். நரம்பு தேடினாள். கயிறுபோல் கிடந்தது. குத்தினாள். திறந்தாள்.

சொட்டவில்லை. இழுத்தது. ஒரே மூச்சில். பை இரண்டு பக்கமும் ஒட்டிச் சுருண்டது. அடுத்தது. அதுவும். அதற்கடுத்தது. அதுவும்.

அவன் உதட்டில் துளி ஈரமில்லை. சுவர்தான் மினுங்கியது.

"போ" என்றான். "நீ போ."

போகவில்லை. ஒரு தோளைச் சுவருக்கு முட்டுக் கொடுத்தாள். இரண்டு கையாலும் அவனைப் பற்றினாள். இழுத்தாள்.

தோள் குளிர்ந்தது. ஜுரக்காரன் நெற்றியில் ஈரத்துணி போட்டதுபோல். இதமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

கையை ஊன்றினாள். கையும்.

வலி இல்லை. தாகம் மட்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அண்ணே என்று கத்த வாய் திறந்தாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

வெளியே செருப்புச் சத்தம். கேட்டைத் திறந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக. பின்சுவருக்கு வந்து நின்றது. ஒரு செங்கல் கனத்துக்கு அந்தப் பக்கம். அண்ணன் மூச்சுவிடுவது அவளுக்குக் கேட்டது. இல்லை, கேட்கவில்லை. தோலில் பட்டது.

பூச்சு பிடித்திருக்கிறதா, உள்ளே பொள்ளலாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மேஸ்திரிகள் செய்வதுபோல், அவன் விரல் முட்டியால் சுவரைத் தட்டினான். கீழே ஒரு தட்டு. நடுவில் ஒரு தட்டு. கொஞ்சம் மேலே இன்னொரு தட்டு.

ஒவ்வொன்றும் அவள் விலா எலும்பில் விழுந்தது.

"கெட்டியாயிடுச்சு" என்றான் அண்ணன், தனக்குள்.