ராஜா வீசிய பொற்கிழி

1943. பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம். காலை ஏழு மணி.

நாடகப் பெட்டியைத் திறந்த செல்லாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பொற்கிழியில் ரப்பர் காசுகள் மட்டுமே கிடந்தன. ராஜா நாடகத்துக்காக ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டி மஞ்சள் சாயம் பூசியவை. ஜப்பான்காரன் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சோதனை போட்டபோது, தன் காசுமாலையின் நாலு பவுனையும் அவற்றுக்குள் ஒளித்திருந்தாள். இடத்தை யாரிடமும் சொல்லவில்லை. மேடையில் வீசினாலும் ரப்பர் காசை எவன் சீந்தப் போகிறான்?

பத்து மணிக்குச் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் ஏற்றும் லாரி வரும். பட்டியலில் புருஷன் அய்யாவு பெயரும் இருந்தது, அவள் தம்பி பழனியாண்டி பெயரும் இருந்தது. நாலு பவுன் கொடுத்தால் ஒரு பெயரை அடிப்பதாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருந்தார்.

ஏழரைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் பரஞ்சோதி சேதி கேட்டு வந்தார். மூன்று நாளாக மலேரியாவில் நடுங்கும் பழனியாண்டியை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேற்றுப் பின்னேரம் நாடகத்தில் கிழியைத் தொட்டது யார்?"

"ராஜா வேஷம் முருகையா அண்ணே. புலவர் வேஷம் இவுக." செல்லாயி பக்கத்தில் நின்ற அய்யாவுவைக் காட்டினாள்.

அங்கே நின்ற முருகையா எகிறினான். "நான் வீசினேன், அவன் எடுத்தான். பவுன அமுக்கியிருந்தா இன்னைக்கும் மரவள்ளியா தின்னுக்கிட்டிருப்பேனா?"

"காசுச் சத்தத்துக்குத் திரைக்குப் பின்னால் சாவிக்கொத்து குலுக்கியது யார்?"

"யாருமில்ல. அது என் தம்பி வேலை," என்றாள் செல்லாயி. " அவன்தான் உங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்கானே."

பரஞ்சோதி அய்யாவு பக்கம் திரும்பினார். நேற்று முன்வரிசையில் இருந்தவர் அவர். கிழி பலகையில் விழுந்ததும் கணீரென்றதே! ரப்பர் எங்கே கணீரென்னும்? முருகையா கையை விட்டுப் போகும்போது பவுன் உள்ளேதான் இருந்திருக்கிறது.

"அய்யாவு, கிழியை எடுத்ததும் நீர், பெட்டியில் வைத்ததும் நீர். பவுன் எங்கே?"

அய்யாவு தலை குனிந்தான். "நேத்தே கிராணிகிட்ட குடுத்துட்டேன்."

செல்லாயி முகம் மலர்ந்தது. "அடிச்சாச்சா? ஒங்க பேர அடிச்சாச்சா?"

"என் பேர இல்ல, புள்ள. பழனியாண்டி பேர."

அவள் அவனை நோக்கி எழுந்தாள்.

"காய்ச்சலோட லாரி ஏறினா அவன் சயாம் போய்ச் சேரமாட்டான். ஒன்கிட்ட கேட்டா நீ என் பேரத்தான் சொல்லுவே."

அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். அப்புறம் அதே சட்டையைப் பிடித்துக்கொண்டாள். லாரி வரும்வரை விடவில்லை.

பத்தேகாலுக்கு, அய்யாவுவை ஏற்றிப்போன லாரியின் புழுதி அடங்கியது. பரஞ்சோதி அவளை எழுப்பக் கை நீட்டினார்.

"ஏங்கய்யா கண்டுபிடிச்சீங்க? எவனோ திருடிட்டான்னு இருந்தா, அவனத் திட்டிக்கிட்டாவது கிடந்திருப்பேனே."