துணிக் குடோனில் பாடியவள்

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் மண்ணரைத் தெரு அடங்கிக் கிடந்தது. மற்ற நாட்களில் தையல் மிஷின்கள் காதைக் குடையும் தெரு அது. மிஷின்கள் நின்றுபோனால், நடக்கிறவர்களுக்குத் தங்கள் செருப்புச் சத்தமே வேறு யாருடையதோபோலக் கேட்கும். சித்ராதேவி பஸ்ஸை விட்டு இறங்கி, பூட்டிக்கிடந்த டீக்கடையைத் தாண்டி, தான் ஓவர்லாக் தைக்கும் பனியன் கம்பெனியின் கேட்டைத் தட்டினாள்.

வாட்ச்மேன் மருதாசலம் சாப்பிட்ட கையைத் துண்டில் துடைத்தபடி வந்து திறந்தார்.

"வாங்கம்மிணி. முஸ்தபா தம்பி அப்பவே வந்துருச்சுங்க. ஊட்டுக்காரர் வரலீங்களா?"

"தாராபுரத்துல ஒரு காதுகுத்து. போயிருக்காருண்ணே."

"செரி, பாடுங்க. உங்க பாட்டக் கேட்டாத்தான் எனக்கு மத்தியானத் தூக்கமே வருதுங்க."

எப்போதும் சொல்கிற கேலிதான். அவள் சிரிக்கவில்லை. புருசன் ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

கம்பெனிக்குப் பின்பக்கம் துணிக் குடோன். நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங்கிலிருந்து வந்த ரோல்களைத் தரையிலிருந்து தகரக் கூரைவரை அடுக்கியிருப்பார்கள். நடுவில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்குத்தான் இடம். அங்கே கை தட்டினால் சத்தம் கையிலேயே செத்துப்போகும். எதிரொலி என்ற பேச்சே கிடையாது, அத்தனையையும் துணி குடித்துவிடும். அதனால்தான் 'பஞ்சுத்தூறல்' தன் பாட்டுகளையெல்லாம் அங்கே பதிவுசெய்தது. முதலாளி நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி கொடுப்பார்.

பஞ்சுத்தூறல் இவர்களுடைய பாட்டுக் குழு. ராக் என்று பெயரே தவிர, மேடையில் குதித்து அலறுகிற வகை இல்லை. ஜெயபாண்டியின் கிடார் பனிக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். முஸ்தபாவின் கீபோர்டு அதன்மேல் மூட்டமாகக் கவியும். அந்த மூட்டத்துக்குள் ஒரு பெண்குரல் மிதந்து போகும். பாதி வார்த்தை புரியாது. புரியாத அந்தப் பாதிக்காகத்தான் சென்னையிலும் பெங்களூரிலும் பிள்ளைகள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு அழுதார்கள்.

அந்தக் குரல் அபிராமியுடையது. காங்கேயத்துப் பெண். ஜெயபாண்டியின் முதல் மனைவி. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள்.

சித்ராதேவி அப்போதும் குழுவில் இருந்தாள். இரண்டாம் குரல். இரண்டு பேருக்கும் ஒரே மைக். அபிராமியின் தலையில் எப்போதும் மரிக்கொழுந்து மணக்கும். பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது அபிராமி தோளால் லேசாக இடித்து, "கொஞ்சம் தள்ளிக்குங்க்கா" என்பாள். சிரித்துக்கொண்டு, மரியாதையாக. சித்ராதேவியும் தள்ளிக்கொள்வாள். அபிராமி போனபிறகு ஜெயபாண்டி சித்ராதேவியைக் கட்டிக்கொண்டான். புதுப் பாட்டு போடுவது மட்டும் அதோடு நின்றது.

இப்போது சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனியில் கேட்டிருந்தார்கள். ஆரம்பத்திலிருந்து பாடியதில் நல்லதையெல்லாம் சேர்த்து ஒரே ஆல்பமாகப் போடலாம், கடைசியில் இதுவரை யாரும் கேட்காத பாட்டு ஒன்றும் வேண்டும் என்று.

அன்றிலிருந்து வீடு சித்ராதேவியின் வீடாக இல்லை. ஜெயபாண்டி வேலைவிட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அபிராமியின் பழைய பாட்டுகளோடு உட்கார்ந்துவிடுவான். அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் அவனுக்கு வாசம் எட்டாது. பாட்டின் நடுவே அபிராமி மூச்செடுக்கிற இடம் வரும்போது அவன் உதட்டில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு வருகிற நேரம் சித்ராதேவிக்கு மனப்பாடம்.

செத்தவள்மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது. உயிரோடு இருக்கிறவளென்றால் சண்டை போடலாம், ஒருநாள் அவளுக்கும் நரை விழும், தொண்டை கட்டும். செத்தவளுக்குத் தொண்டை கட்டுவதே இல்லை.

ஆல்பத்தின் அட்டைப்படமும் வந்தது. பழைய போட்டோ ஒன்றை எடுத்து அபிராமியை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளை வெட்டியிருந்தார்கள். அபிராமியின் தோள்மேல் யாருடையதென்று தெரியாத நாலு விரல்கள் மிஞ்சியிருந்தன. சித்ராதேவியின் விரல்கள்.

அன்றைக்குத்தான் ஜெயபாண்டியிடம் கேட்டாள். "அந்தக் கடைசிப் பாட்ட நான் பாடுறேங்க."

"அது அபி பாடி வச்சதாச்சே. நீ பின்னாடி கொஞ்சம் பாடிக் குடு, போதும்."

"நானும் அவகூடத்தான இம்புட்டு வருசம் பாடுனேன்."

"உன் குரல் பாய் மாதிரி சித்ரா. நல்ல பாய்தான். ஆனா அவ வந்து அதுல உக்காந்தாத்தான் அழகு."

வன்மம் எதுவும் இல்லாமல்தான் சொன்னான். வன்மம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

குடோனுக்குள் முஸ்தபா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். வார நாட்களில் அதே கம்பெனியில் ஆர்டர் கவனிக்கிறவன், ஞாயிறானால் குழுவின் ரெக்கார்டிங் அவன் பொறுப்பு.

"அபி பாடினத எடுத்துரு முஸ்தபா. முழுசா நானே பாடப்போறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அண்ணன் அப்படிச் சொல்லலீங்களே."

"நேத்துச் சொல்லிட்டாரு."

"எடுத்து ஓரமா வச்சுக்கலாங்க்கா. அழிக்க வேண்டாம். இது வேற எங்கயும் இல்லீங்க, இந்த மிஷின்ல மட்டுந்தான் இருக்குது."

"அழிக்கத்தான் சொன்னாரு. கேட்டாலே அழுக வருதாம்."

முஸ்தபா மவுஸைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டான். சித்ராதேவி குனிந்து, எது எதுவென்று கேட்டு, தானே அமுக்கினாள். திரையில் அபிராமியின் குரல் பச்சை மலைகள்போல ஏறி இறங்கிக் கிடந்தது. ஒரு நொடியில் அந்த இடம் வெறும் கறுப்பானது.

வெளியே பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. முஸ்தபா எழுந்தான். அங்கே இருக்கப் பிடிக்காதவன்போல அவசரமாகத் தொப்பியை எடுத்தான். "தொழுதுட்டு வந்துர்றேங்க்கா. ரெக்கார்ட் ஓடட்டும், நீங்க பாடிட்டே இருங்க."

கதவு சாத்திக்கொண்டதும் பாங்கின் சத்தம் அறுந்துபோனது.

ஈரப் பருத்தியின் வாசம். ஊசி எண்ணெய் வாசம். மேலே கூரையில் பதித்த கண்ணாடித் தகட்டின் வழியாக ஒரு தூண்போல வெயில் விழுந்தது. அதற்குள் பஞ்சுத்தூசி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சித்ராதேவி ஹெட்போனை மாட்டினாள். ஜெயபாண்டியின் கிடார் தொடங்கியது.

முதல் அடியைப் பாடினாள். நன்றாகவே வந்தது. அவள் குரல், அவளுடையது மட்டும். நெஞ்சு நிறைந்தது.

இரண்டாவது அடியை முடித்தபோது அதே அடி பின்னால் கேட்டது.

எதிரொலி.

அவள் நிறுத்தினாள். அந்த அறையில் எதிரொலி வர வழியே இல்லை. கை தட்டிப் பார்த்தாள். தட்டிய சத்தம் கையிலேயே செத்தது. மனப்பிரமை என்று நினைத்துக்கொண்டு மறுபடி பாடினாள்.

இந்தத் தடவை அது பின்னால் வரவில்லை. கூடவே வந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். கிடார் நின்றது. குரல் நிற்கவில்லை.

மூன்றாவது அடிக்கு அவள் வாய் திறக்குமுன்பே, அந்த அடி பாடப்பட்டுவிட்டது.

வெயில் தூணில் இறங்கிக்கொண்டிருந்த பஞ்சுத்தூசி மைக்கின் முன்னால் வந்ததும் திசை மாறியது. உள்ளே இழுபட்டது. பின் வெளியே தள்ளப்பட்டது. மறுபடி உள்ளே. யாரோ மூச்செடுப்பதுபோல. பாட்டில் எந்த இடத்தில் அந்த மூச்சு வரும் என்று சித்ராதேவிக்கு மனப்பாடம்.

மரிக்கொழுந்து வாசம் வந்தது.

அவள் தோளில் ஏதோ லேசாக இடித்தது.

"கொஞ்சம் தள்ளிக்குங்க்கா."

கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஓடியிருக்கலாம். ஆனால் இத்தனை வருசம் தள்ளிக்கொண்டவளுக்குள், பயத்துக்கும் அடியில் கிடந்த ஒன்று எழுந்து நின்றது.

"தள்ள மாட்டேன்டி," என்றாள் சித்ராதேவி. "நீ செத்துட்ட. இது என் இடம்."

மைக்கைக் கையால் பிடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து பாடினாள். மூச்செடுத்தபோது தொண்டைக்குள் பஞ்சு போனது. வெதுவெதுப்பான பஞ்சு. இருமினாள். விழுங்கினாள். அதற்குப் பிறகு பாட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. ஒருநாளும் அவளுக்கு எட்டாத உச்சத்துக்கு, படியேறுகிற சிரமம்கூட இல்லாமல் குரல் போனது. கண்ணில் நீர் வழிய, கடைசிச் சொல்வரை பாடி முடித்தாள்.

அறையில் வேறு குரல் எதுவும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

வெளியே வந்தபோது மருதாசலம் வேப்பமரத்தடியில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்குத் தூக்கமே வல்லீங்க. அந்தப் புள்ள என்னமாப் பாடுச்சு." தலையை ஆட்டினார். "நீங்க ஏனுங்கம்மிணி பாடவே இல்லை?"

தொழுதுவிட்டு வந்த முஸ்தபா ஹெட்போனை மாட்டிக் கேட்டான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. "அழிச்சோமேக்கா," என்றான். ஹெட்போனை அவளிடம் நீட்டினான். அவள் கேட்டாள். அவளுக்குத் தன் குரல்தான் கேட்டது. இவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு இந்தப் பாட்டையும் அவளிடமிருந்து பிடுங்கி அபிராமிக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று எரிச்சல்தான் வந்தது.

ஜெயபாண்டி ஊரிலிருந்து வந்து அதைக் கேட்டு அழுதான். "நல்லவேளை, நீ ஒண்ணையும் தொடாம விட்ட."

"அது நான் பாடுனதுங்க."

அவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். அவள் முகத்தை, அவள் உதட்டை. "என்ன சொன்ன? இன்னொரு தடவ பேசு," என்றான்.

"நான்தான் பாடுனேன்னு சொல்றேன்."

ஜெயபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். உதட்டில் அந்தச் சிரிப்பு வந்தது.

அதற்குப்பிறகு அவன் ஹெட்போனைத் தேடவே இல்லை. வேலைவிட்டு வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதாச்சும் பேசு," என்பான். அவள் அரிசி விலையைச் சொன்னாலும் கண்ணை மூடிக் கேட்டான். அவளைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான். அவன் அன்பு முழுவதும் இப்போது அவள்மேல்தான் இருந்தது. அதில் ஒரு துளிகூட அவளுக்கு வரவில்லை. கம்பெனியிலோ மிஷின் இரைச்சலில் எல்லோரும் கைஜாடையில்தான் பேசுவார்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவளும் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். என் காதுக்கு என் குரல்தானே கேட்கிறது.

ஆல்பம் வெளிவந்தது. அபிராமி விட்டுப்போன கடைசிப் பாட்டுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று நாலு திசையிலிருந்தும் எழுதினார்கள்.

சித்ராதேவி படித்துப் படித்து வெந்தாள். ஒரு ஆளாவது சொல்ல வேண்டும், இது சித்ரா குரல் என்று. ஒரே ஒரு ஆள். சாத்தூரில் இருக்கிற அம்மா ராமுத்தாய் நினைவுக்கு வந்தாள். பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா. சாயங்காலம், வாசலில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு போன் போட்டாள்.

"அம்மா, நல்லா இருக்கியா? பாட்டு அனுப்புனேனே, கேட்டியா?"

"யாரு தாயி பேசுறது?"

"நான்தாம்மா. சித்ரா."

"வெளாடாத தாயி. என் மக குரலு எனக்குத் தெரியாதா? நம்பர் அவளுதுதான். போனை அவகிட்டக் குடு."

சித்ராதேவிக்குக் கண் இருட்டியது. சின்ன வயதில் கிணற்றடியிலிருந்து கூப்பிடுவதுபோல "யம்மோவ்" என்று கத்த வாயெடுத்தாள். தொண்டையில் பஞ்சு நகர்ந்தது.

"அக்கா இங்க இல்லீங்களே," என்றது அவள் வாய்.

"எங்க போயிருக்கா தாயி? எப்ப வருவா?"

சித்ராதேவி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்தினாள். பல் உதட்டில் பதிந்து ரத்தம் கரித்தது.

பேச்சு நிற்கவில்லை. ராமுத்தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் அவசரமில்லாமல், சிரித்துக்கொண்டு, மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.