சுற்றுவழி

ஊர்நெய்வி என்ற இயந்திரத்துக்கு ஒரு புத்தகம்தான் கொடுக்கலாம். அதைப் படித்துவிட்டு, கடல் மண்ணையே சுட்டு இறுக்கி, பொழுது சாய்வதற்குள் ஓர் ஊரைக் கட்டி நிறுத்திவிடும். இரண்டைக் கலந்து கொடுத்தால் குழம்பி நின்றுவிடும்.

ரூபாவதியின் மடியில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று நகரமைப்பு முறைகள் பற்றியது: வடிகால், மேடு, எல்லா வீடும் ஒரே உயரம். மற்றது கடலில் மூழ்கிப்போன அவர்கள் ஊரான சங்கேந்தலின் நினைவுகளைப் பற்றிய ஆய்வு, ஊரார் சொல்லச் சொல்ல அவளே எழுதியது. படகில் கயிற்றுக்கும் கடப்பாரைக்கும் நடுவே அவள் மகன் மூச்சுத் திணறிக் கிடந்தான். புயல் கரையைக் கடக்கப் போகிறது.

"முறைப் புத்தகத்தையே குடுத்துரலாங்க" என்றாள்.

"போன தடவை அதைத்தானே குடுத்தாங்க?" மேலத்தெரு சிதம்பரநாதன் சீறினார். "பெட்டி பெட்டியா ஒரு ஊரு. ஒரு சனம் தங்குச்சா? எல்லாம் படகுக்கே திரும்பிருச்சு. நம்ம ஊரா இருந்தாத்தாம்மா இறங்குவாங்க."

அது உண்மைதான். ஆள் தங்காத ஊர் எவ்வளவு உயரமாக இருந்து என்ன? நினைவுப் புத்தகத்தை உள்ளே தள்ளினாள்.

சங்கேந்தல் எழுந்தது. அதே குளம், அதே ரேஷன் கடைப் படி, அதே டீக்கடை பெஞ்சு. இறங்கிய சனம் வாய்விட்டு அழுதது. ரூபாவதியும் அழுதாள். அப்புறம்தான் சுவரைப் பார்த்தாள். மேட்டிலிருந்த மேலத்தெருவுக்கும் பள்ளத்திலிருந்த கீழத்தெருவுக்கும் நடுவே அதே உயரத்தில் நின்றது.

"சுவரை யார் சொன்னது?" என்று இயந்திரத்திடம் கத்தினாள். புத்தகத்தில் அந்தப் பேச்சே கிடையாது. மேலத்தெருக்காரர்களுக்கு அது நினைவில் இல்லை. கீழத்தெருக்காரர்கள் கூச்சத்தில் விட்டுவிட்டார்கள். அவளும் கீழத்தெருதான்.

"யாரும் சொல்லவில்லை" என்றது ஊர்நெய்வி. "எதிரே இருந்த குளத்துக்குக் கீழத்தெருவினர் அனைவரும் சுடுகாட்டைச் சுற்றிப் போனதாகச் சொல்லியிருக்கிறார்கள். காரணமில்லாமல் ஒரு தெருவே சுற்றி நடக்காது. நடுவில் தடை இருந்திருக்க வேண்டும்."

"இடிச்சிரு!"

"ஊரைக் காலி செய்தால்தான் மாற்றிக் கட்ட முடியும்."

யார் காலி செய்வார்கள்? ஒருவரும் சொல்லாமலே அவரவர் தெருவுக்கு அவரவர் போய்விட்டார்கள்.

காற்று திரும்பியது. கீழத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மேட்டிலிருந்து சிதம்பரநாதன் பதறிக் கூப்பிட்டார். "பையனைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துரும்மா! சுத்தி வா, சீக்கிரம்!"

அவள் மகனை அணைத்துக்கொண்டு ஓடினாள். சுடுகாட்டுப் பாதையைக் கடல் மூடியிருந்தது. அங்கே நின்றபோதுதான் உறைத்தது: படகில் கடப்பாரை கிடந்தது. அதை எடுத்துச் சுவரை இடிக்க வேண்டுமென்று அந்தப் பக்கமிருந்த அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.